வாடகை பாதியாகும் ஊருக்குப் போகலாமா?

வாசகி கேள்வி:

மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 27,000 ரூபாய், பராமரிப்பு 3,500. அடுத்த ஒப்பந்தத்தில் இன்னும் 2,000 ஏற்றப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். கணவருக்கு சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். வாரம் இரண்டு நாள் ஆபீஸ் போனால் போதும். நான் தனியார் பள்ளி ஆசிரியை, மாதம் 22,000. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் சிபிஎஸ்இ. என் அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். திருச்சி கே.கே.நகரில் இதைவிடப் பெரிய வீடு 14,000-க்குக் கிடைக்கிறது. கையில் 9 லட்சம் சேமிப்பு உண்டு. புறநகரில் 1,200 சதுர அடி மனையை 18 லட்சத்துக்கு இப்போதே வாங்கிப் போடச் சொல்கிறார் ஒரு புரோக்கர். ஊர் மாறலாமா? மனையை வாங்கலாமா?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனையைப் பற்றிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்போது வாங்க வேண்டாம். ஊர் மாறுவது பற்றி: போகலாம், ஆனால் கணவரின் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் கைக்கு வந்த பிறகுதான். ஏன் என்று விவரமாகப் பார்ப்போம்.

உங்கள் கணக்கில் இன்று தெரிவது ஒரே ஒரு எண்தான். 30,500-க்கும் 14,000-க்கும் உள்ள வித்தியாசம், 16,500. ஓனர் 2,000 ஏற்றினால் அது 18,500. இந்தத் தொகை முழுவதும் கையில் மிஞ்சும் என்று நினைத்துத்தான் பலரும் வீட்டைக் காலி செய்கிறார்கள். அதில் பெரும்பகுதியை ரயிலும் ஹாஸ்டல் கட்டிலும் தின்றுவிடும்.

செவ்வாய், புதன் இரண்டு நாள் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் இரவு ரயில், செவ்வாய் இரவு சென்னையில் தங்கல், புதன் இரவு திரும்பும் ரயில். மாதம் நான்கு வாரத்துக்கு எட்டுப் பயணம். மூன்றடுக்கு ஏசியும், டிக்கெட் கிடைக்காத நாளில் ஆம்னி பஸ்ஸுமாகக் கலந்து ஒரு வழிக்கு 700 ரூபாய் போட்டால் 5,600. நான்கு இரவுத் தங்கல், இரவுக்கு 800 வீதம் 3,200. எட்டு நாள் வெளிச்சாப்பாடு, நாளுக்கு 350 வீதம் 2,800. ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து தங்குமிடம் என்று ஆட்டோவும் பஸ்ஸும் ஒரு தடவைக்கு 600, நான்கு தடவைக்கு 2,400. ஆக 14,000.

அடுத்தது உங்கள் சம்பளம். திருச்சியில் உடனே 22,000-க்கு வேலை கிடைத்தால் நல்லது. ஆனால் கணக்குப் போடும்போது 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 7,000 குறைவு. 18,500-லிருந்து 14,000-மும் 7,000-மும் போனால் மாதம் 2,500 பற்றாக்குறை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வேன் செலவும் திருச்சியில் குறையலாம். அதையும் ஊகமாக எழுதாமல் இரண்டு பள்ளிகளில் நேரில் கேட்டு, சேர்க்கைக் கட்டணத்தோடு சேர்த்து எழுதுங்கள். சேர்க்கைக் கட்டணம் ஒருமுறைச் செலவுதான் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் முதல் ஆண்டு மிச்சத்தை அதுவே விழுங்கிவிடும்.

வருமான வரியில் ஒன்று மட்டும் கவனியுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப் படி விலக்கின் உச்சவரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், திருச்சியில் 40 சதவீதம். வாடகை குறைந்தாலும் விலக்கு குறையும். ஆனால் உங்கள் கணவரின் 12 லட்சத்துக்கு இந்தக் கவலையே தேவையில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி இல்லை. அவர் இன்னும் பழைய முறையில் இருந்தால், ஊர் மாறாவிட்டாலும் இதை இப்போதே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது திருச்சி வாடகை அல்ல, பயணங்களின் எண்ணிக்கைதான். கே.கே.நகர் வீட்டில் பேரம் பேசி 1,000 ரூபாய் குறைப்பதைவிட, ஆபீஸ் நாட்களை ஒன்றாகச் சேர்க்க மேனேஜரிடம் பேசுவது பலன் தரும். வாரம் இரண்டு நாளுக்குப் பதில், மாதத்தில் இரண்டு முறை, திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் என்று கேட்கட்டும். எட்டு நாள் கணக்கு அப்படியே இருக்கும், பயணம் எட்டிலிருந்து நான்காகும். பணமாகப் பார்த்தால் தங்கல் இரவுகள் நான்கிலிருந்து ஆறாகக் கூடுவதால் 2,000 ரூபாய் அளவுக்குத்தான் மிச்சம். ஆனால் ரயிலில் கழியும் இரவு மாதத்துக்கு எட்டு என்பது நான்காகும். வாராவாரம் இரண்டு இரவு ரயிலில் தூங்கி மறுநாள் வேலை பார்ப்பதை முதல் இரண்டு மாதம் உடம்பு தாங்கும். ஆறாவது மாதத்தில்தான் ‘சென்னையிலேயே ஒரு ரூம் எடுத்துவிடுகிறேன்’ என்ற பேச்சு வரும். அந்த நாளில் உங்கள் குடும்பத்துக்கு இரண்டு வாடகை. மாதம் ஒரே முறை நான்கு நாள் போதும் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் பயணச் செலவு மொத்தமும் 6,000-க்குள் அடங்கும். அப்போது இந்த மாற்றத்தில் உண்மையாகவே பணம் மிஞ்சும்.

ஆகவே அந்தக் கடிதம். ‘மேனேஜர் ஓகே சொல்லிவிட்டார்’ என்பது போதாது. மேனேஜர் மாறுவார், டீம் மாறும். எச்.ஆர். அனுப்பும் மின்னஞ்சலில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். மாதம் எத்தனை நாள் ஆபீஸ், அதை எந்தெந்த நாட்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். பணியிடம் சென்னை என்றே நீடிக்கிறதா, மாறுகிறதா. ஊரைக் காரணம் காட்டிச் சம்பளம் குறையுமா. முழு வாரமும் ஆபீஸ் வர வேண்டும் என்று விதி மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தருவார்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் நேரடிப் பதில் வராது. அதனால் கணவர் இந்த வேலையை விட்டால் திருச்சியிலேயே இதே சம்பளத்துக்கு வேறு வேலை கிடைக்குமா என்றும் யோசியுங்கள். நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்காக்கள் திறந்தார்கள். இருந்தாலும் ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் அளவு வாய்ப்புகள் அங்கே இல்லை. ஆறு மாதக் குடும்பச் செலவு ரொக்கமாகக் கையில் இல்லாமல் இந்த ஊர் மாற்றம் வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

அந்த இடத்தில்தான் மனை விஷயம் இடிக்கிறது.

18 லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்ந்து 1.62 லட்சம். இதை வங்கிக் கடனில் சேர்க்க மாட்டார்கள். மனை விலையில் 80 சதவீதம் கடன் கிடைத்தால் 14.4 லட்சம், மீதி 3.6 லட்சம் உங்கள் கைப்பணம். வங்கியின் மதிப்பீட்டாளர் 18 லட்சத்துக்குக் குறைவாக மதிப்புப் போட்டால் கைப்பணம் இன்னும் கூடும். பத்திர எழுத்தர், சட்டக் கருத்து, வங்கிச் செலவுகள் எல்லாம் சேர்த்தால் 9 லட்சத்தில் மிஞ்சுவது மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் புது வீட்டு அட்வான்ஸ், லாரி, பள்ளிச் சேர்க்கை. கடனுக்கு 9 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 14,600. திருச்சி வாடகை 14,000-த்தையும் சேர்த்தால் 28,600. சென்னையில் கொடுத்த அதே பணத்தை இரண்டாகப் பிரித்துத் திருச்சியில் கொடுப்பீர்கள், கையிருப்பும் இருக்காது.

ஓராண்டு அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகு வாங்குங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், எந்த போர்வெல்லில் மே மாதம் காற்று வரும் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை காரில் கூட்டிப்போய்க் காட்டும்போது தெரியாது. 2005 நவம்பர் வெள்ளத்தில் கோரையாறும் உய்யகொண்டானும் நகருக்குள் எங்கெல்லாம் வந்தன என்று அந்தத் தெருவில் இருபது வருடமாக இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வாங்கும் காலம் வரும்போது புரோக்கரிடம் முதலில் கேட்க வேண்டியது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண். ‘அப்ளை பண்ணியிருக்கு’ என்பது ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உங்கள் மனை எண்ணும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் வேண்டும். அனுமதியற்ற மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு வீட்டுமனையாகப் பதிவான மனைக்கும், அதற்குப் பிறகு பிரித்த மனைக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பின்னதைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மாட்டார். பதிவாகிற வழி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரத்தில் தொடங்கி விற்பவர் வரை விட்டுப்போகாத பத்திரத் தொடர், விற்பவர் பெயரிலேயே பட்டா, புல வரைபடம் இவற்றை உங்கள் வக்கீல் பார்க்கட்டும், விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம். அம்மாவுக்குப் பக்கத்தில் என்று ஸ்ரீரங்கத்தில் தேடினால் ‘அடிமனை’ என்ற சொல் காதில் விழும். கோயிலுக்குரியது என்று சொல்லப்படும் நிலத்தில் இருக்கும் வீடுகள் அவை. பத்திரப் பதிவில் நெடுநாளாகச் சிக்கல். வாடகைக்கு இருக்கத் தடையில்லை, விலைக்கு வாங்குவதென்றால் புல எண்ணை இந்து சமய அறநிலையத் துறையிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தராதீர்கள்.

வாடகை வீட்டுக்கு வருவோம். கே.கே.நகர் நல்ல இடம்தான். ஆனால் அது நகரின் தெற்குக் கோடி, விமான நிலையப் பக்கம். அம்மா இருப்பது காவிரிக்கு அக்கரையில். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் முழு நகரப் போக்குவரத்தும் காவிரிப் பாலமும் இருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று போன் வந்தால் அந்தத் தூரம் என்ன என்று யோசியுங்கள். திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் பக்கம் 1,000, 2,000 கூடக் கொடுத்தாலும் உங்களுக்கு அதுதான் சரி. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே நிற்பதால் கணவருக்கும் வசதி. சென்னையில் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்கி மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய்விடலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். ஆபீஸ் நாட்கள் முன்கூட்டியே உறுதியானால் இரண்டு மாத டிக்கெட்டை வரிசையாகப் போட்டுவிடலாம். தட்கல் எடுக்க நேர்ந்தால் அவரது ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும்.

வீடு பார்க்க வார நாளில், பகல் 11 மணிக்குப் போங்கள். கணவர் வேலை செய்யப்போகும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கம்பெனி சிம்மிலும் வீடியோ அழைப்பு செய்து பாருங்கள். மொட்டை மாடியில் நாலு கோடு காட்டும் சிக்னல் உள்ளறையில் ஒரு கோடாகிவிடும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் பல மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தும். அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும். லேப்டாப் 65 வாட், ரூட்டர் 12, ஃபேன் 75, விளக்கு 20, மொத்தம் சுமார் 170 வாட். 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியும் இந்தச் சுமையை ஆறு மணி நேரம் தாங்கும். இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். தெருவில் கம்பத்திலோ யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ இருக்கும் கேபிள்காரரின் ஸ்விட்ச் பெட்டிக்கு பேட்டரி இல்லையென்றால், உங்கள் ரூட்டரில் விளக்கு எரியும், இணையம் வராது. இணைப்பு எடுக்கும் முன்பே அதைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் இரண்டாவது இணைப்பாக வேறு கம்பெனி சிம்மில் டேட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மாநகராட்சிக் குழாய் வீட்டுக்குள் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை. போர்வெல் மட்டும்தான் என்றால் குளியலறைக் குழாய் முனையில் வெள்ளைப் படிவு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதுவே உப்பின் அளவைச் சொல்லிவிடும். பாதாளச் சாக்கடை இல்லாத தெரு என்றால் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவும் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதும் அதே சட்டத்தில் உள்ளதுதான், 14,000-க்கு 42,000. பதிவான ஒப்பந்தம் பிறகு முகவரி மாற்றத்துக்கும் உதவும்.

மேடவாக்கம் வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்பி வருவதில்தான் தகராறு. ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பு நாளைப் பார்த்து, வாட்ஸ்ஆப்போடு நிறுத்தாமல் கையெழுத்துப் போட்ட கடிதமாகவும் கொடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் வெறும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள், மின் மீட்டர் எண் தெரிகிற மாதிரி ஒரு படம். பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். பெயின்டிங் பிடித்தம் எவ்வளவு என்பதைச் சாமான் லாரியில் ஏறும் முன்பே பேசி முடியுங்கள். எப்படியும் பழைய அட்வான்ஸ் வரும் முன் புது அட்வான்ஸ் கொடுக்க நேரும், அந்தப் பணத்தைத் தனியாக வையுங்கள்.

லாரிக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், ஆள் வந்து சாமானைப் பார்த்த பிறகு. போனில் சொன்ன மலிவு விலைக்கு ஏற்றிவிட்டு, திருச்சி வாசலில் நின்று ‘மாடிக்கு ஏற்றக் கூடுதல்’ என்று கேட்பது வழக்கமான தொல்லை. மாடி, லிஃப்ட், பேக்கிங், இறக்குகூலி, காப்பீடு எல்லாம் அடங்கிய தொகை என்று எழுதி வாங்குங்கள். லாரி முழுவதும் உங்கள் சாமானா, வேறொருவர் சாமானோடு சேர்த்தா என்பதையும். சேர்த்து ஏற்றினால் விலை குறையும், இறக்கும் நாள் அவர்கள் இஷ்டம்.

இப்போது நாள் குறிப்பது. மகள்தான் இதைத் தீர்மானிக்கிறாள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடக்கிறது, பத்தில் நேரடியாக வேறு பள்ளிக்கு மாற வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆகவே எட்டாம் வகுப்பு முடிந்த கையோடு, வரும் மே மாதம் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை காத்திருப்பதுதான் நல்லது. நடு வருடத்தில் மாற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளைகள் இருவர் பெயரையும் பழைய பள்ளி விடுவித்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அவர்கள் விடுவிக்காமல் புதுப் பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது. கையில் சான்றிதழ் இருந்தும் பல வாரம் அலைவது இதனால்தான். திருச்சிப் பள்ளிகளில் ஆசிரியர் நியமனமும் கோடை விடுமுறையை ஒட்டியே நடக்கும், உங்கள் விண்ணப்பங்களை மார்ச்சிலேயே அனுப்பத் தொடங்குங்கள். வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் வைப்பு நிதி எண்) தொடருங்கள்.

மற்ற காகித வேலைகள் போய்ச் சேர்ந்த பிறகு. முதலில் ஆதார் முகவரி, பிறகு குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, வண்டியின் ஆர்.சி.யில் முகவரி. கேஸ் இணைப்பை மட்டும் புறப்படும் முன்பே பார்க்க வேண்டும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டும் அதற்கான ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். திருச்சியில் அன்றைய டெபாசிட் தொகையைக் கட்டினால் இணைப்பு கிடைக்கும்.

கம்பெனிக் கடிதம் பிப்ரவரி முடிவதற்குள் வரவில்லை என்றால் திருச்சியை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அப்போது பார்க்க வேண்டியது கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம். கணவர் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக வாரம் இரண்டு நாள் ஆபீஸ் போய் அன்றே வீடு திரும்புவார். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து பஸ் ஏறினால் இரவே அம்மா வீட்டில் இருப்பீர்கள். வாடகை திருச்சி அளவுக்கு இறங்காது. ஆனால் மேடவாக்கத்தைவிட எவ்வளவு குறைகிறதோ அது முழுவதும் கையில் நிற்கும், ரயிலுக்குப் போகாது. பள்ளி மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் இதே மே மாதம்தான் கெடு, அதனால் இரண்டு ஊரிலும் பள்ளி விசாரிப்பை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.